ஆறு வருகிறதா, பாருங்கள்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் விமர்சனம் உண்டு. சினிமாவுக்கு, நாவலுக்கு, கச்சேரிக்கு, கச்சேரி நடக்கும் சபாவின் கான்டீன் அடை அவியலுக்கு. கணிதத் தேற்றத்துக்கு மட்டும் கிடையாது. 'நிரூபித்தாகிவிட்டது' என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. கைதட்டிவிட்டு எழுந்துபோக வேண்டியதுதான். ஆனால் படம் ஓடியதா என்பது வேறு, நல்ல படமா என்பது வேறு. தேற்றமும் அப்படித்தான். சரியா என்பது ஒரு கேள்வி. நன்றாக இருக்கிறதா, எதையாவது புரியவைத்ததா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

அதனால் இந்த வாரம் விமர்சனத்துக்கு ஒரு கணிதக் கட்டுரை. எழுதியவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்காரரான மார்க் ஹெய்மன். 2001ல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. 66 பக்கம். தலைப்பு, 'ஹில்பர்ட் ஸ்கீம்கள், பாலிகிராஃப்கள், மக்டானல்ட் பாஸிட்டிவிட்டி ஊகம்'.

ஓடாதீர்கள். இந்தக் கட்டுரையின் மையத்தில் இருக்கும் விஷயத்தைப் பத்தாம் வகுப்பு முக்கோணத்தையும் ப்ளஸ் டூ வகைக்கெழுவையும் வைத்துக்கொண்டே தொட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பேனாவும் பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பின்பக்கமும் போதும்.

முதலில் ஆட்களை இடம் மாற்றுவோம். மூன்று பேரை மூன்று நாற்காலிகளில் 6 விதமாக உட்காரவைக்கலாம். நான்கு பேர் என்றால் 24 விதம். ஐந்து என்றால் 120. பத்துப் பேர் வந்துவிட்டால் 36,28,800. இதைத்தான் ஃபாக்டோரியல் என்று பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டு எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட இடமாற்றங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு சிமெட்ரிக் குரூப் என்று பெயர்.

இந்தக் குரூப் காற்று மாதிரி. தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. எதையாவது அசைத்தால்தான் தெரியும். தென்னை மரத்தை ஒரு மாதிரி அசைக்கும், கொடியில் காயும் வேட்டியை இன்னொரு மாதிரி. குரூப் எதையாவது இப்படி அசைத்துக் காட்டுவதற்குப் பெயர்தான் ரெப்ரசன்டேஷன். இதற்கும் எம்.எல்.ஏ.வுக்கும் சம்பந்தமில்லை.

அசைப்பதற்கு வசதியான பொருள் பல்லுறுப்புக்கோவை. க, ச, ப என்று மூன்று மாறிகள். க + ச + ப என்று எழுதிவிட்டு எழுத்துகளை எப்படி இடம் மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். மாறாக இதைப் பாருங்கள்:

(க − ச)(க − ப)(ச − ப)

இதில் எந்த இரண்டு எழுத்தை மாற்றினாலும் மொத்தத்தின் குறி மட்டும் மாறும், பிளஸ் மைனஸாகும். மனிதர் அதேதான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதற்கு வாண்டர்மாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாம் 'அப்பா' என்று கூப்பிடுவோம். ஏன் என்று இப்போது தெரியும்.

அப்பாவை வகைக்கெழு காணுங்கள். க-வைப் பொறுத்து ஒரு தடவை, ச-வைப் பொறுத்து ஒரு தடவை, ப-வைப் பொறுத்து ஒரு தடவை. வருபவை:

(ச − ப)(2க − ச − ப)
(க − ப)(க + ப − 2ச)
(க − ச)(2ப − க − ச)

மூன்று பிள்ளைகள். ஆனால் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், பூஜ்யம். காரணம் சுலபம். அப்பா வெறும் வித்தியாசங்களால் ஆனவர். மூன்று பேருக்கும் ஒரே அளவு சம்பள உயர்வு கொடுத்தால் வித்தியாசம் மாறுமா? மாறாது. அதனால் மூன்று திசை மாற்றங்களும் சேர்ந்து பூஜ்யமாகின்றன. அதாவது, இரண்டு பிள்ளைகளைத் தெரிந்தால் மூன்றாவதைக் கூட்டிக் கழித்து எடுத்துவிடலாம். உண்மையில் புதியவர்கள் 2 பேர்தான்.

மறுபடி வகைக்கெழு காணுங்கள். பேரன்கள் வருகிறார்கள். எல்லாருமே ச − ப, க − ச, க − ப மாதிரி எளிய வித்தியாசங்கள், முன்னால் ஒரு 2. இதிலும் முதல் இரண்டைக் கூட்டினால் மூன்றாவது வந்துவிடும். ஆக, இங்கேயும் 2. இன்னொரு தடவை வகைக்கெழு கண்டால் வெறும் எண். அது 1. அதற்கு அப்புறம் வம்சம் முடிந்தது.

அப்பா 1, பிள்ளைகள் 2, பேரன்கள் 2, கொள்ளுப்பேரன் 1. மொத்தம் 6. மூன்று பேரை உட்காரவைக்கும் வழிகளும் 6. நாற்காலிக் கணக்குக்கும் வகைக்கெழுவுக்கும் எந்த ஊர்ச் சம்பந்தம்?

தற்செயல் இல்லை. நான்கு மாறிகளை எடுத்துக்கொண்டு இதே காரியத்தைச் செய்தால் தலைமுறை தலைமுறையாக 1, 3, 5, 6, 5, 3, 1 என்று வரும். கூட்டுங்கள், 24. இன்னொரு தமாஷ்: நான்கு சீட்டுகளைக் கலைத்துப்போட்டு, பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகளை மட்டும் மாற்றி வரிசைப்படுத்துங்கள். மாற்றமே தேவைப்படாத வரிசை 1, ஒரு மாற்றம் தேவைப்படுபவை 3, இரண்டு தேவைப்படுபவை 5, பிறகு 6, 5, 3, 1. அதே எண்கள், அதே வரிசை. வகைக்கெழு காண்பதும் சீட்டு அடுக்குவதும் ஒரே பேரேட்டின் இரண்டு பிரதிகள்.

எண்ணிக்கை மட்டும் இல்லை, உள்கட்டமைப்பும் பொருந்துகிறது. அந்த 6ஐயும் எழுத்துகளை மாற்றிக் குலுக்கிப் பார்த்தால் அது தனித்தனி வீடுகளாகப் பிரியும். அப்பா தனி வீடு. கடைசி எண் தனி வீடு. இரண்டு பிள்ளைகள் ஒரு வீடு, இரண்டு பேரன்கள் ஒரு வீடு. கடைசி இரண்டு வீடுகளும் அச்சு அசல் ஒரே பிளானில் கட்டியவை. இதற்கு மேல் உடைக்க முடியாத இந்த வீட்டு பிளான்களைத்தான் இர்ரெட்யூசிபிள் என்கிறார்கள். மூன்று பேர் குரூப்புக்கு மொத்தமே மூன்று பிளான்தான், மூன்றும் இந்தத் தெருவில் இருக்கிறது. அதுவும் ஒரு கணக்கோடு: ஓர் ஆள் வீடு ஒரு தடவை, இரண்டு ஆள் வீடு இரண்டு தடவை. 1×1 + 2×2 + 1×1 = 6.

நான்கு பேர் குரூப்புக்கு ஐந்து பிளான். ஆள் கணக்கு 1, 3, 2, 3, 1. வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 1 + 9 + 4 + 9 + 1. மறுபடி 24.

மூன்றுக்கு மூன்று பிளான், நான்குக்கு ஐந்து பிளான் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவர் எட்டிப்பார்க்கிறார். நான்கை முழு எண்களாகப் பிரித்து எழுதுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வழி. எத்தனை வழியோ அத்தனை பிளான். இந்தப் பார்ட்டிஷன் எண்ணிக்கையைத்தான் கும்பகோணத்து ராமானுஜன், ஹார்டியுடன் சேர்ந்து 1918ல் ஒரு சூத்திரத்தில் பிடித்துப்போட்டார். நான்குக்கு ஐந்து என்று சாதுவாக ஆரம்பித்து, நூறுக்கு 19,05,69,292 என்று போய் நிற்கும் எண்ணிக்கை அது. நூறு நாற்காலிக்கு அத்தனை வீட்டு பிளான்.

பிளான்களை வரைந்தே காட்டியவர் ஒரு பாதிரியார். ஆல்ஃப்ரட் யங். இங்கிலாந்தில் எஸெக்ஸ் மாவட்டத்தில் பர்ட்புரூக் என்கிற கிராமத்தில் 1910லிருந்து 1940ல் இறக்கும்வரை தேவாலயப் பொறுப்பில் இருந்தவர். பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டு, அதில் 1, 2, 3 என்று எண்களை நிரப்புவார். வலப்பக்கம் போனாலும் கீழே போனாலும் எண் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. 2+1 என்கிற கட்டத்தை எத்தனை விதமாக நிரப்பலாம்? இரண்டு. அதுதான் இரண்டு ஆள் வீடு. கட்டத்தை நிரப்பும் வழிகளை எண்ணினால் வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடுகிறது. 1902க்கு அப்புறம் அந்த வரிசையில் அடுத்த கட்டுரை 1928ல்தான் வந்தது. அவசரமே படாத மனிதர்.

1935ல் வில்ஹெல்ம் ஷ்பெக்ட் என்கிற ஜெர்மானியர் ஒரு படி மேலே போனார். யங்கின் கட்டத்தில் ஒரே பத்தியில், அதாவது மேலும் கீழுமாக நிற்கும் மாறிகளின் வித்தியாசங்களை எடுத்துப் பெருக்குங்கள் என்றார். அவ்வளவுதான், அந்த வீட்டின் ஆள் உங்கள் கையில். மூன்றும் ஒரே பத்தியில் நின்றால் நம் அப்பா வருகிறார். இருவர் மட்டும் மேலும் கீழும் நின்றால் க − ச மாதிரி பேரன் வருகிறான். எல்லாரும் படுக்கை வரிசையில் நின்றால் வித்தியாசமே இல்லை, 1 வருகிறது. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பெயரோடு வாக்காளர் பட்டியல் கொடுத்துவிட்டார் ஷ்பெக்ட். இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை வைத்துத்தான் ஹெய்மனோடு சண்டை.

இனி முக்கோணத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் மூன்று புள்ளிகளைக் கொடுத்து முக்கோணத்தின் பரப்பு கேட்பார்கள். புள்ளிகளை வரிசையாக எழுதி, முதல் புள்ளியைக் கடைசியில் திரும்பவும் எழுதி, சாய்வாகப் பெருக்கி, கூட்டி, கழித்து, பாதியாக்கி ஐந்து மார்க் வாங்கியிருப்பீர்கள். அந்தப் 'பாதி'யை விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பது ஆறு மாறிகளில் ஒரு பல்லுறுப்புக்கோவை: மூன்று எக்ஸ், மூன்று ஒய். இரண்டு முனைகளின் பெயரை மாற்றினால் இதுவும் குறியை மாற்றிக்கொள்ளும்.

இதை யாராவது வகைக்கெழு கண்டு பார்த்திருக்கிறோமா? முதல் முனையின் எக்ஸைப் பொறுத்து வகைக்கெழு காணுங்கள். மற்ற இரண்டு முனைகளின் ஒய் வித்தியாசம் வரும். அப்படியே சுற்றி வந்தால் மூன்று ஒய் வித்தியாசங்கள், அதில் புதியவை 2. ஒய்யைப் பொறுத்து வகைக்கெழு கண்டால் எக்ஸ் வித்தியாசங்கள், அதிலும் 2. இன்னொரு தடவை வகைக்கெழு கண்டால் வெறும் எண், 1. பரப்பையும் சேர்த்து 1 + 2 + 2 + 1. ஆறு!

ஐந்து மார்க் சூத்திரத்துக்குள் இந்த ஆறு பேரும் ஒளிந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்கு அறிமுகப்படுத்தவில்லை. விடை வந்ததா, அடியில் இரண்டு கோடு போடு, அடுத்த கணக்கு என்று ஓடிக்கொண்டிருந்தோம்.

அட்ரியானோ கார்ஸியாவும் ஹெய்மனும் 1993ல் வெளியிட்ட ஊகம் இதன் பொது வடிவம். யங் பாதிரியாரின் கட்டங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலாசம் உண்டு, மூலையிலிருந்து வலப்பக்கம் எத்தனை, மேலே எத்தனை என்று. வலப்பக்கம் நகர்ந்த அளவு எக்ஸின் படி, மேலே நகர்ந்த அளவு ஒய்யின் படி. அதை வைத்து ஓர் அணிக்கோவை. ஒரே வரிசையில் மூன்று பெட்டி என்றால் நம் அப்பா வருகிறார். மூலையில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று என்று 'எல்' வடிவத்தில் வைத்தால் முக்கோணப் பரப்பு. எந்தக் கட்டமாக இருந்தாலும், வகைக்கெழு கண்டு கண்டு வரும் வம்சத்தில் சுயமான ஆட்களின் எண்ணிக்கை மிகச் சரியாக என் ஃபாக்டோரியல் என்பதுதான் ஊகம். என் என்பது பெட்டிகளின் எண்ணிக்கை. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

கூடாது என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள். குறையாது என்பதுதான் படுத்தியது. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய வாக்கியம். மூன்றுக்கு நீங்களே சரிபார்த்துவிட்டீர்கள். எல்லா எண்ணுக்கும் நிரூபிக்க 2001 வரை ஆயிற்று.

இதற்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்பீர்கள். ஐ.ஜி. மக்டானல்ட் என்கிற பிரிட்டிஷ் கணிதர் 1988ல் சில பல்லுறுப்புக்கோவைகளை அறிமுகப்படுத்தினார். அவற்றைப் பிரித்து எழுதும்போது சில எண்கள் வந்தன. அவை பின்னமாகவோ நெகட்டிவாகவோ இருக்கத் தடையே இல்லை. ஆனால் கணக்குப் போட்ட இடத்திலெல்லாம் சமர்த்தாக 0, 1, 2 என்று பாஸிட்டிவ் முழு எண்களாகவே வந்தன. ஏன்? காரணம் தெரியவில்லை. அப்படியே எப்போதும் வரும் என்று ஊகித்துவிட்டுப் போனார் மக்டானல்ட்.

கார்ஸியா–ஹெய்மனின் பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த எண்கள் எதையோ எண்ணுகின்றன என்றார்கள். எதை? வகைக்கெழு வம்சத்தில், இன்ன தலைமுறையில், இன்ன பிளான் வீடு எத்தனை இருக்கிறது என்பதை. வீடுகளை எண்ணினால் மைனஸ் இரண்டரை வருமா? தெருவில் போய் நின்று எண்ணினால் பூஜ்யத்துக்குக் கீழே போக வழியே இல்லை. ஆக, என் ஃபாக்டோரியல் ஊகம் சரியென்றால் மக்டானல்டின் ஊகமும் சரி. ஒரு பெரிய 'ஏன்'-க்குக் குழந்தைக்கும் புரிகிற ஒரு பதில். ஒரு கணிதக் கட்டுரையிடம் இதைவிட என்ன எதிர்பார்க்க முடியும்?

இனி விமர்சனம்.

ஹெய்மன் என்ன செய்தார்? வகைக்கெழுவை நேராக மோதவில்லை. சமதளத்தில் நகரும் புள்ளிகளைப் பார்க்கப் போய்விட்டார். என் புள்ளிகள் தனித்தனியாக நிற்கும்வரை பிரச்னையில்லை. அவற்றுக்கு என் ஃபாக்டோரியல் விதமாகப் பெயரிடலாம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே புள்ளியாகிவிட்டால்? பெயர் வித்தியாசம் அழிந்துபோகிறது. ஆனால் எந்தத் திசையிலிருந்து வந்து மோதின என்கிற ஞாபகத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு வெளி உண்டு. அதுதான் ஹில்பர்ட் ஸ்கீம். அந்த வெளி கரடுமுரடில்லாமல் வழவழப்பாக இருக்கிறது என்று ஜான் ஃபோகார்ட்டி 1968லேயே காட்டியிருந்தார். அதன்மேல் பெயர்ப்பலகைகளோடு இன்னொரு வெளியைக் கட்டி, அது எங்கேயும் கிழியவில்லை, என் ஃபாக்டோரியல் என்கிற எண்ணிக்கை மோதல் நடக்கும் இடத்திலும் குறையவில்லை என்று காட்டினார் ஹெய்மன். எல்லாப் புள்ளிகளும் மோதும் அந்த நெரிசலான மூலைகளில்தான் யங்கின் கட்டங்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கே எண்ணிக்கை குறையவில்லை என்றால் வம்சத்திலும் குறையவில்லை.

இந்தப் பார்வை மாற்றத்துக்கு முழு மதிப்பெண். கிணற்றுக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தவர்களை மேலே கூப்பிட்டு, நிலத்தடி நீர் வரைபடத்தைக் காட்டியதுபோல. இந்தக் கட்டுரைக்கு 2004ல் அமெரிக்கக் கணிதச் சங்கம் மூர் பரிசைக் கொடுத்தது, அந்தப் பரிசு வழங்கப்பட்ட முதல் தடவையே. தகும். அடுத்த வருஷமே, 2002ல், இதே வழியில் இன்னொரு பழைய ஊகத்தையும் முடித்தார். அங்கே விடை என் ஃபாக்டோரியல் இல்லை. மூன்று புள்ளிக்கு 16, நான்குக்கு 125. நாலின் வர்க்கம், ஐந்தின் கனம் என்று போகும் வரிசை.

குறைகள்? இரண்டு.

ஒன்று, கட்டுரையின் வயிற்றுப் பகுதி. பாலிகிராஃப் என்று சில தளங்களின் கூட்டத்துக்குப் பெயர் வைத்து (பொய் கண்டுபிடிக்கும் மெஷின் அல்ல), அது ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பதைப் படிப்படியாக, பிடிவாதமாக, நீண்ட தூண்டல்முறையில் நிறுவுகிறார். ஒவ்வொரு படியும் சரி. ஆனால் மாடிக்குப் போய்ச் சேர்ந்ததும், 'இந்த மாடிப்படி ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. ஏறிவிட்டோம், அவ்வளவுதான். தொடக்கப் பகுதிகளில் தெரியும் அந்த அகலமான வெளிச்சம் இங்கே டார்ச் லைட்டாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது குறைதான் முக்கியம். கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று இரண்டு விதமாகச் சொல்லலாம். எச்சில் இலையை எண்ணி 24 என்று சொல்லலாம். அல்லது பந்தியில் உட்கார்ந்த அத்தை, சித்தப்பா, மதுரை மாமா என்று பெயர் சொல்லி 24 என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ஹெய்மன் செய்தது இலைக் கணக்கு. மிக நுட்பமான, ஒரு இலைகூடத் தவறாத கணக்கு. ஆனால் பந்தியில் யார் யார்? எந்தக் கட்டமானாலும், இந்த இந்த வகைக்கெழுக்களை எடுத்துக்கொள், இவைதான் அந்த என் ஃபாக்டோரியல் பேர் என்று ஷ்பெக்ட் மாதிரி ஒரு வாக்காளர் பட்டியல் அந்தக் கட்டுரையில் இல்லை. மக்டானல்டின் எண்கள் பாஸிட்டிவ் என்று தெரிகிறது. ஆனால் எந்தப் பொருள்களை எண்ணினால் அந்த எண் வரும் என்று யங்கின் கட்டத்தைப்போல விரல்விட்டுச் சொல்லும் விதி எல்லாக் கட்டத்துக்கும் கிடைக்கவில்லை.

'நிரூபித்தவரிடம் பட்டியல் கேட்பது அநியாயம்' என்று சிலர் சொல்லலாம். இருப்பதைக் காட்டுவது ஒரு வேலை, கையில் எடுத்துக் கொடுப்பது இன்னொரு வேலை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், பாதி. சில உண்மைகள் வானத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் இந்த வாக்கியம் வானத்தில் பிறந்தது இல்லை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பிறந்தது. முக்கோணப் பரப்பை வகைக்கெழு காணத் தெரிந்த பெண்ணுக்கு மூன்றுக்கு ஏன் ஆறு என்று ஐந்து நிமிஷத்தில் புரிகிறது. நான்குக்கு ஒரு மத்தியானம் ஆகும். அவளிடம் 'எல்லா எண்ணுக்கும் ஏன் என்று தெரிய வேண்டுமானால் முதலில் அல்ஜீப்ரா ஜியோமிதியில் சில வருஷம் படித்துவிட்டு வா' என்று சொல்வது நியாயமான பதில்தான். போதுமான பதில் இல்லை.

இந்தப் போதாமை கணிதர்களுக்கே தெரியும் என்பதற்கு சாட்சி ஹெய்மனேதான். பரிசை வாங்கிக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. மக்டானல்டின் பல்லுறுப்புக்கோவைகளைக் கட்டத்தில் எண்களை நிரப்பியே எழுதிவிடலாம் என்று ஜேம்ஸ் ஹாக்லண்ட் 2004ல் ஒரு சூத்திரத்தை ஊகித்தார். ஹாக்லண்ட், ஹெய்மன், நிக்கலஸ் லோர் மூவரும் சேர்ந்து 2005ல் அதை நிரூபித்தார்கள். ஸ்கீமும் இல்லை, பாலிகிராஃபும் இல்லை. கட்டம், எண்கள், நிரப்பிய வரிசையில் எத்தனை தலைகீழ் என்கிற எண்ணிக்கை. நம் சீட்டுக் கணக்கின் தூரத்துச் சொந்தம். வானத்திலிருந்து பார்த்தவரே இறங்கி வந்து மண்ணைக் கிளறியிருக்கிறார். 2001 கட்டுரைக்கு எழுதப்பட்ட சிறந்த விமர்சனம் இந்த 2005 கட்டுரைதான் என்பேன். அதுவும் முழுப்பட்டியலைத் தரவில்லை. வீடுகளைத் தெருத் தெருவாகப் பிரிக்காமல் மொத்த ஊரையும் எழுதிக் காட்டுகிறது. ஆனாலும் கையால் தொட முடிகிறது.

இங்கே நம் பொதுஜனக் கணிதப் புத்தகங்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குரூப் என்றதும் எல்லாப் புத்தகமும் காலுவாவின் கதைக்கு ஓடிவிடும். 1832, பாரிஸ், துப்பாக்கிச் சண்டை, இருபது வயதில் மரணம். உருக்கமான கதைதான். ஆனால் அந்தப் பையன் எதற்காக உயிரைவிட்டான் என்பதில் காட்டும் அக்கறையில் கால்வாசியை, எதைக் கண்டுபிடித்தான் என்பதில் காட்டுவதில்லை. சமன்பாட்டின் மூலங்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பார்த்தான் என்று ஒரு வரி; அதோடு சரி. 'அழகு, அழகு' என்று சொல்லிக்கொண்டே அழகைத் திரைபோட்டு மூடும் புத்தகங்கள் இவை. மூன்று எழுத்தை வைத்து ஆறு வரவைத்துக் காட்ட அரைப் பக்கம் போதும். வாசகருக்குப் புரியாது என்று அவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள்.

புரிகிறதா இல்லையா என்று சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்ததும், சமதளத்தில் நான்கு புள்ளிகள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு இரண்டு சதுரக் கட்டம். பெட்டிகளின் விலாசப்படி 1, எக்ஸ், ஒய், எக்ஸ் பெருக்கல் ஒய். நான்கு புள்ளிக்கும் நான்கு வரிசை எழுதி அணிக்கோவையை விரித்து, வகைக்கெழு காண ஆரம்பியுங்கள். முதல் தலைமுறையில் எட்டுப் பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் டூப்ளிகேட், மிச்சம் 6. ஏன் இரண்டு என்று சம்பள உயர்வுக் கதையை ஞாபகப்படுத்திக்கொண்டால் தெரியும். அடுத்த தலைமுறையில் 10. பிறகு 6, பிறகு 1. முதலில் இருந்த அணிக்கோவையையும் சேர்த்தால் 24.

வந்துவிட்டதா? அப்படியானால் அடுத்த கேள்வி உங்களுடையது. அந்தப் பத்துப் பேர் யார் யார், ஏன் சரியாகப் பத்து என்று கட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல ஒரு விதி கிடைக்கிறதா, பாருங்கள். சதுரத்துக்கு மட்டும் இல்லை, எல்லாக் கட்டத்துக்கும். கிடைத்தால் அது 66 பக்கம் வராது. அனேகமாக ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அடங்கிவிடும்.